முயல்களில் தலைச்சாய்வும் சமநிலைக் குலைவும்

வளர்ப்பு முயலின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடை தள்ளாடி, கடுமையான நிலையில் உடல் பக்கவாட்டில் புரண்டு உருளும் நோய்நிலை தலைச்சாய்வு எனப்படுகிறது. இது தனியொரு நோயன்று. உடலின் சமநிலையைக் காக்கும் அமைப்பில் கோளாறு நேர்ந்திருப்பதைக் காட்டும் அறிகுறி. செவியின் உட்பகுதிக்குப் பரவிய பாக்டீரியாத் தொற்றும், மூளையைத் தாக்கும் என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணியும் இதன் இரு முதன்மைக் காரணங்கள். பார்ப்பவரை அச்சுறுத்தும் தோற்றம் என்பதால், இனி முயல் பிழைக்காது என்று வளர்ப்பவர்கள் முதல் நாளிலேயே நம்பிக்கை இழப்பதுண்டு. ஆனால் தொடக்க நாட்களில் உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் சாய்வினால் வருவதில்லை. முயல் தின்பதை நிறுத்திவிடுவதால் வருகிறது. உணவும் மருந்தும் தவறாமல் கிடைத்த முயல்களில் பல வாரக்கணக்கில் மெல்லத் தேறுகின்றன.

சமநிலை அமைப்பு

உட்செவியின் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய சிறு பைகளும் தலையின் அசைவையும் நிலையையும் உணர்கின்றன. அந்தச் செய்தி செவி நரம்பின் வழியே மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் செல்கிறது. கழுத்து, கால், கண் தசைகள் அதற்கேற்ப இயங்குகின்றன. இரு செவிகளிலிருந்தும் ஒத்த செய்தி வந்தால்தான் உடல் நேராக நிற்கும். ஒரு பக்கத்துச் செய்தி குறைந்தாலோ நின்றாலோ, உடல் சுழல்வதாக மூளை தவறாக எண்ணுகிறது. தலை பெரும்பாலும் பழுதான பக்கம் சாய்கிறது. சிறுமூளையின் சில பகுதிகள் பாதிக்கப்பட்டால் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்வதுண்டு.

அறிகுறிகள்

சாய்வு சில மணி நேரத்துக்குள் தோன்றலாம். பல நாட்களில் சிறிது சிறிதாகவும் கூடலாம். வட்டமிட்டு நடப்பது, சுவரில் சாய்ந்து நிற்பது, குதிக்கும்போது ஒரு பக்கம் விழுவது ஆகியவை தொடக்க அடையாளங்கள். முயலை அருகில் வைத்துக் கண்ணைப் பார்த்தால் விழி நடுக்கம் தெரியும்: விழி ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, சட்டென்று மறுபக்கம் வெட்டித் திரும்பும், இது இடைவிடாமல் தொடரும். வேகமான வெட்டு பெரும்பாலும் பழுதில்லாத பக்கத்தை நோக்கி இருக்கும். கடுமையான நிலையில், தூக்கும்போதோ திடீர் ஓசை கேட்கும்போதோ முயல் கட்டுப்பாடின்றி உருளும். அது வலிப்பு என்று தவறாக எண்ணப்படுகிறது. உருளும் முயலுக்குப் பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆனால் தலைசுற்றலும் குமட்டலும் அதன் பசியைக் கெடுக்கக்கூடும். தாவர உண்ணியான முயலுக்குக் குடலியக்கம் இடைவிடாமல் நடக்க வேண்டும். ஏறத்தாழ 12 மணி நேரம் எதையும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. நோயுற்ற முயலுக்கு வெப்பம் 38 டிகிரிக்குக் கீழே இறங்குவது கெட்ட அறிகுறி. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால் முயல் நோயை மறைத்துக்கொள்ளும். ஆகவே, வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கவும் வாய்ப்புண்டு.

காரணங்கள்

*செவித்தொற்று.* பாஸ்சுரெல்லா மல்டோசிடா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் மூக்கிலிருந்து செவிக்குச் செல்லும் குழல் வழியாகவோ, வெளிச்செவியிலிருந்து செவிப்பறையைத் தாண்டியோ நடுச்செவியை அடைகின்றன. அங்கிருந்து உட்செவிக்குப் பரவுகின்றன. முயலின் சீழ் நீராக வடியாது. பற்பசைபோல் கெட்டியாக நடுச்செவியின் எலும்புக் குமிழிக்குள் அடைந்துகொள்ளும். அதனால் மருந்து உள்ளே எட்டுவது கடினம். செவி தொங்கும் இனங்களில் செவிக்குழல் மடங்கிக் குறுகியிருப்பதால் மெழுகு தேங்கித் தொற்று எளிதில் உண்டாகிறது. முகநரம்பு நடுச்செவியை ஒட்டிச் செல்வதால் உதடு தொங்குவதும் இமை மூடாமல் போவதும் சேர்ந்து வரலாம். செவிக்குள் தடித்த பழுப்புப் பொருக்கை உண்டாக்கும் சோரோப்டெஸ் குனிகுலி என்ற உண்ணியும் தொற்றுக்கு வழி திறந்துவிடக்கூடும்.

*என்செபாலிட்டோசூன் குனிகுலி.* பூஞ்சைகளுக்கு நெருங்கிய மைக்ரோஸ்போரிடியா தொகுதியைச் சேர்ந்த இந்த நுண்ணுயிர் உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும். 1922-ல் ரைட், கிரெய்க்ஹெட் ஆகியோர் இளம் முயல்களில் கண்ட வாத நோயை விவரித்தபோது இது முதன்முதலில் பதிவானது. 1923-ல் லெவாடிட்டியும் அவரது உடன் ஆய்வாளர்களும் இதற்குப் பெயரிட்டனர். தொற்றுள்ள முயலின் சிறுநீரில் வித்துகள் வெளியேறுகின்றன. அது கலந்த புல்லையும் நீரையும் உட்கொள்ளும் முயலுக்குத் தொற்று பரவுகிறது. தாயிடமிருந்து கருவிலுள்ள குட்டிக்கும் பரவும். வித்து தன்னுள் சுருண்டிருக்கும் நுண்குழலை வெளியே எய்து, அதன் வழியாகத் தன் உள்ளடக்கத்தை ஓம்புயிரின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. பிறகு இந்த நுண்ணுயிர் இரத்தத்தின் வழியே சிறுநீரகம், மூளை, கண் ஆகியவற்றை அடைகிறது. தொற்று ஏற்பட்ட ஒரு மாதத்துக்குப் பின் சிறுநீரில் வித்துகள் தோன்றத் தொடங்கி, மூன்று மாத அளவில் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

தொற்றுள்ள முயல்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சிலவற்றில் மட்டும், வித்துகள் நிறைந்த உயிரணு வெடிக்கும்போது அதைச் சுற்றி எழும் அழற்சி மூளைத்திசுவைப் பாதிக்கிறது. தலைச்சாய்வு, பின்கால் பலவீனம், சிறுநீர் கசிவு, கண்வில்லை வெடித்து உண்டாகும் வெண்படலம் ஆகியவை இதனால் வருகின்றன.

*பிற காரணங்கள்.* தலையில் அடி, ஈய நஞ்சு, மூளைச் சீழ்க்கட்டி, கட்டிகள், டாக்சோபிளாஸ்மா தொற்று ஆகியவை குறைவாகக் காணப்படுகின்றன. வட அமெரிக்காவில், ரக்கூன் எச்சம் கலந்த புல்லிலிருந்து பரவும் பேலிசாஸ்காரிஸ் உருளைப்புழுவின் இளம்புழுக்கள் மூளைக்குள் புகுந்து மீளாத சேதத்தை உண்டாக்குகின்றன.

வேறுபடுத்திக் காண வேண்டியவை

தள்ளாட்டம் அனைத்தும் சமநிலைக் கோளாறு அல்ல. முயலைத் தவறாகத் தூக்கும்போது அது பின்கால்களை உதறித் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். அப்போது தலை நேராக இருக்கும், பின்பாகம் மட்டும் இழுபடும். மூட்டுவாதமும் பாதப்புண்ணும் நடையைக் கெடுக்கும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வெயில்தாக்கு கண்ட முயல் வாய் திறந்து மூச்சு வாங்கித் துவண்டு விழும். அதை உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, செவிகளைத் தண்ணீரால் நனைத்து, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நோயறிதல்

கோளாறு செவியிலா மூளையிலா என்பதே முதற்கேள்வி. பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மடக்கி வைத்தால், செவிக்கோளாறு மட்டும் உள்ள முயல் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றும். மூளைத்தண்டு பாதிக்கப்பட்ட முயல் தாமதிக்கும் அல்லது அப்படியே விட்டுவிடும். விழி மேலும் கீழுமாக நடுங்குவதும் மந்த நிலையும் மூளைக்கோளாற்றைச் சுட்டுகின்றன. நடுச்செவியைக் காண சி.டி. ஸ்கேன் சிறந்த வழி. எக்ஸ்ரேயில் தொடக்கநிலைச் சீழ் தெரியாமல் போகலாம்.

என்செபாலிட்டோசூனுக்கு இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் எதிர்பொருள்கள் சோதிக்கப்படுகின்றன. நலமாக உள்ள முயல்கள் பலவற்றிலும் ஐஜிஜி காணப்படுவதால், எதிர்பொருள் இருப்பது மட்டும் நோய்க்குச் சான்றாகாது. அது இல்லாதிருந்தால் இந்நோயைப் பெருமளவு விலக்கலாம். சிறுநீரக நிலையை அறிய இரத்தச் சோதனையும் செய்யப்படும்.

மருத்துவம்

ஸ்கேனும் எதிர்பொருள் சோதனையும் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. எனவே மருத்துவர்கள் பல நேரங்களில் இரு காரணங்களுக்கும் சேர்த்தே மருந்து தொடங்குகின்றனர். ஒட்டுண்ணிக்கு ஃபென்பெண்டசோல், உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் 28 நாட்களுக்கு வாய்வழியாகத் தரப்படுவது வழக்கம். அரிதாக இது எலும்பு மஜ்ஜையைப் பாதிப்பதால், அளவையும் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஒட்டுண்ணி அடங்கினாலும், அழற்சியால் ஏற்பட்ட சேதம் ஆற நாளாகும். மருந்து தொடங்கியும் சாய்வு குறையாததைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

செவித்தொற்றுக்கு என்ரோஃபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பல வாரங்கள் தேவைப்படும். சீழ் இறுகியிருந்தால் அறுவை மருத்துவம் செய்து அகற்ற வேண்டியிருக்கும். குமட்டலையும் தலைசுற்றலையும் தணிக்க மெக்லிசின் தரப்படுவதுண்டு. வலிக்கும் அழற்சிக்கும் மெலோக்சிகாம் பயன்படுகிறது.

வீட்டிலிருக்கும் மருந்தைத் தாமாகக் கொடுப்பது ஆபத்து. அமாக்சிசிலின் முதலிய பெனிசிலின் வகைகளும் கிளிண்டமைசினும் வாய்வழியாகச் சென்றால், முயலின் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து உயிர் போகும். நாய்களுக்கு உண்ணி நீக்கப் பூசும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு.

வீட்டுப் பராமரிப்பு

முயலைச் சிறிய, தட்டையான இடத்தில் வைத்து, துண்டுகளைச் சுருட்டிச் சுற்றிலும் அணை கட்ட வேண்டும். உருண்டால் அடிபடாது, சாய்ந்து நிற்கவும் பிடிப்புக் கிடைக்கும். வழுக்கும் தரையும் படிகளும் கூடாது. வெளிச்சமும் ஓசையும் குறைவாக இருப்பது நல்லது. தூக்கும்போது உடல் முழுவதையும் மார்போடு அணைத்து மெதுவாகத் தூக்க வேண்டும்.

உலர்புல்லும் கீரையும் சாய்ந்த வாய்க்கு எட்டும்படி வைக்கப்பட வேண்டும். உருளும் முயல் உருட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும்; கனமான தட்டைக் கிண்ணமும் ஈரக்கீரையும் நீர்த்தேவைக்கு உதவும். தானாகத் தின்னாவிட்டால், குழைத்த நார்ச்சத்து உணவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளி வழியாகச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். விழுங்க இடம் விடாமல் செலுத்தினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வயிறு உப்பி இறுகியிருந்தால் ஊட்டக் கூடாது, குடலடைப்பு இருக்கலாம்.

கீழ்ப்பக்கத்துக் கண் தரையில் உராய்ந்து புண்ணாகும் என்பதால் அதற்குக் களிம்பு இட வேண்டும். சிறுநீரில் நனைந்த மயிரை அவ்வப்போது துடைத்து உலர்த்தாவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். இணையாக வாழும் துணை முயலைப் பிரிக்காமலிருந்தால் நோயாளி கலங்காமல் இருக்கும். ஆனால் அதுவும் சோதிக்கப்பட வேண்டும்.

போக்கு

விழி நடுக்கமும் உருளலும் முதலில் குறையும்; சாய்வு கடைசியாகவே நிமிரும். சில முயல்களில் சிறு சாய்வு நிலைத்துவிடுகிறது. மூளை புதிய நிலைக்குப் பழகுவதால் அவை ஓடவும் தின்னவும் தடையின்றி வாழ்கின்றன. மன உளைச்சலோ வேறு நோயோ வந்தால் அறிகுறிகள் திரும்பலாம். இடைவிடாத உருளல், மருந்துக்குப் பிறகும் தின்ன இயலாமை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை சேர்ந்தால் கருணைக்கொலை பற்றி மருத்துவரோடு பேச வேண்டிய நிலை வரும்.

தடுப்பு

புதிதாக வாங்கிய முயலைத் தனியே வைத்து, எதிர்பொருள் சோதித்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். உணவும் நீரும் சிறுநீர் படாத உயரத்தில் இருக்க வேண்டும். வித்துகள் உலர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர்த்த பிளீச்சிங் கரைசலும் 70 சதவீத ஆல்கஹாலும் அவற்றை அழிக்கும். செவிகளைக் கிழமைதோறும் பார்ப்பது நல்லது. என்செபாலிட்டோசூன் குனிகுலி மனிதரையும் தொற்றக்கூடியது. உடல்நலமுள்ளவருக்கு அச்சம் குறைவு. எச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது பாதுகாப்பு.