தீயணைப்பு வண்டியும் ஒரு வரலாற்று ஆவணமே

சங்க மலருக்குக் கல்வெட்டு, சமணப் பள்ளிகள், மிளகு வாணிகம் என்று எழுதி வந்தவன் நான். இந்த முறை தீயணைப்பு வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் ஒருவர், "என்ன நயினாரே, வயசான காலத்துல வண்டி விளையாட்டா?" என்று சிரித்தார். நான் குடியிருப்பது இடப்பள்ளி. 'பள்ளி' என்று ஊர்ப்பெயரில் கண்டால் உடனே சமணரைத் தேடுவது என் வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். இந்தத் தடவை அதை விட்டுவிட்டேன். தீயணைப்பு வண்டிகளையும் ஆம்புலன்ஸ்களையும் படம் எடுத்துச் சேர்ப்பது கடந்த இருபது ஆண்டுகளாக என் பழக்கம். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோடவுனில் பற்றிய தீ

1998-இல் மட்டாஞ்சேரியில் எங்கள் சுக்கு, மிளகு கோடவுனில் தீப்பிடித்தது. விடியற்காலை நேரம். கோணிச் சாக்கு புகையத் தொடங்கினால் வெளியே சுவாலை தெரியாது. உள்ளேயே கனன்று கொண்டிருக்கும். தீயணைப்பு வண்டி அந்த ஒடுக்கமான சந்துக்குள் நுழைய முடியாமல் தெருமுனையில் நின்றது. வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்து ஓடி வந்தார்கள். மூன்று மணி நேரம் போராடிப் பக்கத்துக் கடைகளுக்குப் பரவாமல் காத்தார்கள். முடிந்ததும் ஒருவர் பூட்ஸைக் கழற்றி அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, "ஒரு கட்டன் சாயா கிடைக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்ட கூலி.

மறுநாள் காமிரா வாங்கி வந்து இன்ஷூரன்சுக்காகப் படம் எடுத்தேன். கருகிய மூட்டை, இடிந்த கூரை, வெடித்த ஓடு என்று ஒரு சுருள் முழுதும் தீர்ந்தது. அந்த வண்டியைப் படமெடுக்கவில்லை, வந்தவர்கள் பெயரையும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து நன்றி சொல்ல நிலையத்துக்குப் போனேன். வண்டி ஏலத்தில் போய்விட்டது, ஆட்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள். என் கணக்குப் புத்தகத்தில் நட்டம் எவ்வளவு என்று காசு சுத்தமாக எழுதியிருக்கிறது. காப்பாற்றியவர் யார் என்ற பத்தி மட்டும் காலி. வியாபாரிக்கு அது பெரிய பிழை. அன்று தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

முதலில் படம் வரைந்தவர்

தீயணைப்புக் கருவிகளைப் படமாக்கும் ஆசை நம் காலத்தில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். யான் வான் டெர் ஹெய்டன் (1637-1712) என்ற டச்சு ஓவியர் ஆம்ஸ்டர்டாம் நகரின் வீதிகளையும் கால்வாய்களையும் செங்கல் செங்கல்லாக வரைந்து பெயர் பெற்றவர். 1652-இல் அந்நகரின் பழைய நகர மன்றம் எரிந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். அவரும் அவர் சகோதரரும் சேர்ந்து 1672-இல் தோலால் தைத்த நீளக் குழாயைப் பம்பில் பொருத்தினார்கள். அதுவரை பம்பைத் தீக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. குழாய் வந்தபின் தீ இருக்கும் இடத்துக்கே தண்ணீர் போயிற்று. எங்கள் சந்துக்குள் 1998-இல் தோளில் வந்ததும் அந்தக் குழாயின் வாரிசுதான்.

1690-இல் அவர் தீப்பம்புகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்த வீடு எரிந்தது, பழைய முறையில் என்ன நட்டம், புதிய பம்பு வந்தபின் எவ்வளவு மிச்சம் என்று படத்தோடு காட்டினார். வணிக நகரத்துக்காரர், கணக்கோடுதான் பேசுவார்! 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்து, 1795 வரை வைத்திருந்த டச்சுக் கம்பெனியின் தலைமையிடமும் அதே ஆம்ஸ்டர்டாமில்தான் இருந்தது. நம் மிளகு போய் இறங்கிய ஊரில்தான் இந்தப் படங்களும் பிறந்தன.

கப்பலில் வந்த தீ

கொச்சிக்கும் ஒரு பெருந்தீ உண்டு. 1889 சனவரி 4-ஆம் நாள் 'சந்திரபானு' என்ற கப்பலில் தீப்பிடித்தது. கரைக்குப் பரவிவிடுமோ என்று அஞ்சிக் கட்டை அவிழ்த்துவிட, எரிகிற கப்பல் மிதந்து போய்க் கரையோரக் கிடங்குகளையே பற்ற வைத்தது. ஏறக்குறைய 300 வீடுகளும் வணிகக் கட்டடங்களும் அழிந்தன என்பர். இன்றும் இதைச் சொல்பவர்கள் கப்பலின் பெயரை மறக்காமல் சொல்கிறார்கள். வாளி தூக்கியவன் பெயரைச் சொல்ல ஆளில்லை. நாமும் அப்படித்தானே? சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்ததற்கு 'அழற்படு காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. எரித்த கண்ணகியை நாடறியும். அன்று தண்ணீர் சுமந்த மதுரைக்காரரை யார் தேடினார்கள்?

இதற்கு ஒரு விலக்கு பம்பாய். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா கப்பல் துறையில் 'ஃபோர்ட் ஸ்டைகின்' கப்பல் பஞ்சுப் பொதியும் வெடிமருந்துமாக எரிந்து வெடித்தது. அதில் தீயணைப்பு வீரர் 66 பேர் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நமக்குச் சித்திரைப் பிறப்பு, மலையாளிகளுக்கு விஷு வருகிற நேரம். அந்த வாரம் நிலையத்துக்குப் போய் அனுமதி கேட்டால், கழுவித் துடைத்த வண்டியைப் பக்கத்தில் நின்றே காட்டுவார்கள். என் படங்களில் பாதி அப்படி எடுத்தவையே.

'பஃப்' என்ற சொல்லின் கதை

அமெரிக்காவில் ஏதேனும் ஒன்றில் பைத்தியமாக இருப்பவரை 'பஃப்' என்பார்கள். நியூயார்க்கின் பழைய தன்னார்வத் தீயணைப்போர் அணிந்த இளமஞ்சள் நிறச் சட்டையிலிருந்து வந்த சொல் அது. முதலில் தீயணைப்பைப் பார்க்க ஓடுகிறவர்களைக் குறித்தது, பிறகு எல்லா ஆர்வலருக்கும் பொதுவாயிற்று. பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவை 1930 முதல் 1979 வரை நடத்திய ஆர்தர் ஃபீட்லர் பெரிய 'பஃப்'. கச்சேரி நடத்துகிறவருக்கே மணிச் சத்தம் கேட்டால் கால் நிற்காது என்றால் நான் எம்மாத்திரம்!

இடப்பள்ளிச் சந்திப்பில் கற்ற பாடம்

இடப்பள்ளியில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கூடுகின்றன. பெரிய மருத்துவமனையும் பக்கத்தில் இருப்பதால் சைரன் ஓயாது. ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்துகள் ஏன் இடவலமாகத் திரும்பியிருக்கின்றன என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியில் அது நேராகத் தெரியும், அதனால்தான்.

ஒருமுறை சாலையோரம் சற்று இறங்கி நின்று ஆம்புலன்ஸைப் படமெடுத்தேன். ஓட்டுநர் எனக்காக ஒரு கணம் வண்டியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பக்கத்துக் கடைக்காரர், "சேட்டா, உள்ளே ஆள் உண்டு" என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்றும் காதில் இருக்கிறது. அதன்பின் ஓடுகிற வண்டியை நான் எடுப்பதில்லை. எரிகிற வீட்டையும் அழுகிற முகத்தையும் எடுப்பதில்லை. வண்டி திரும்பி வந்து நின்றபிறகுதான் காமிரா வெளியே வரும்.

2019 ஏப்ரல் 16 அன்று, பிறந்து 15 நாளான குழந்தையை ஏற்றிக்கொண்டு மங்களூரிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் கிளம்பியது. சுமார் 400 கிலோமீட்டர். வழியெங்கும் மக்கள் சாலையை ஒழித்துக் கொடுக்க, ஐந்தரை மணி நேரத்தில் இடப்பள்ளி அமிர்தா மருத்துவமனையை அடைந்தது. அன்று நான் படம் எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. ஏறத்தாழ 12 நாட்கள் கொச்சி நகரமே புகையில் மூச்சுத் திணறியது. மண்வாரி இயந்திரம் குப்பையைக் கிளற, வீரர்கள் அந்த நச்சுப் புகையில் நின்று இரவும் பகலும் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அடுத்த மாதம், ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகும் என்ற மத்திய விதி நடைமுறைக்கு வந்தது. தீயணைப்புத் துறையின் பழைய வண்டிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. விதி சரியே, பழைய எஞ்சின் புகை கக்கும். ஆனால் இரும்புக்கடைக்குப் போகிற வண்டியோடு அதன் கதையும் போகிறதே! நிலையத்தின் பெயர், பம்பு இருந்த இடம், ஏணி கட்டிய விதம், ஓட்டியவர் முகம் என எல்லாம் சேர்ந்த ஒரு படம் இருந்தால், பின்னால் வருகிறவன் அதை ஒரு கல்வெட்டைப் போலப் படிப்பான்.

நிறைவாக

தீயையும் ஓரறிவு உயிர் என்று எண்ணுகிற மரபில் வந்தவன் நான். அணைப்பதும் ஒரு கொலைதானே என்ற குழப்பம் எனக்கு வெகுநாள் இருந்தது. குஜராத்தி வீதியில் இருந்த சுவேதாம்பர நண்பர் ஒருவர்தான் தீர்த்து வைத்தார். பகவதி சூத்திரத்தில் இதே கேள்வி மகாவீரரிடம் கேட்கப்படுகிறது: மூட்டுகிறவன், அணைக்கிறவன் இருவரில் யாருக்கு வினை அதிகம்? மூட்டுகிறவனுக்கே என்பது விடை. அணைக்கிறவனால் அழியும் உயிர் குறைவு.

அன்பர்களே, பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்த நம் குடும்பங்களில் பழைய கடைப் படம், கல்யாண ஊர்வலப் படம் என்று எத்தனையோ கிடக்கும். அவற்றின் ஓரத்தில் ஒரு சிவப்பு வண்டி தெரிந்தால் கிழித்துப் போடாதீர்கள். பின்புறம் ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை தெருவில் அந்த வண்டி வந்து நின்றால், வேலை முடிந்தபின் ஒரு கட்டன் சாயா கொடுத்து, பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்ட பெயர்கள் இனி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.