சாட்சியத்தை மறைப்பதும் குற்றமே!



நம் புதுச்சேரியில் ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாள் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. 1936ஆம் ஆண்டு அந்நாளில், பிரெஞ்சு ஆட்சியில், எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டோரை நினைவுகூர்வது நம் கடமை. ஆனால் கடமை அத்துடன் முடிவதில்லை. ஓர் அநீதி நிகழ்ந்தபின் அரசு அதை எவ்வாறு விசாரித்தது, விசாரணையைக் கெடுத்தவர்களை என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். இக்கேள்வியை விடாது கேட்டு, நம் காலத்திலேயே விடை பெற்ற ஒரு பெண்மணி குஜராத்தின் பில்கிஸ் பானு.

2002 மார்ச் 3ஆம் நாள். கலவரத்திற்கு அஞ்சிக் குடும்பத்துடன் தப்பிச் சென்ற அவர், தாஹோத் மாவட்டத்தில் வன்முறைக் கும்பலிடம் சிக்கினார். அப்போது அவருக்கு வயது 21. ஐந்து மாதக் கர்ப்பிணி. கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவருடைய மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தினர் 14 பேர் கொல்லப்பட்டனர். நினைவு திரும்பி எழுந்தவருக்கு ஒரு பழங்குடிப் பெண் உடுத்த உடை தந்தார். அங்கிருந்து லிம்கேடா காவல் நிலையத்தை அடைந்து நடந்ததைச் சொன்னார்.

எழுதப்பட்ட புகாரிலோ வன்கொடுமையும் இல்லை. அவர் சொன்ன குற்றவாளிகளின் பெயர்களும் இல்லை! வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

அவர் ஓயவில்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் துணையுடன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2003 டிசம்பரில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. புதைத்த உடல்களைத் தோண்டியபோது, அவை விரைவில் சிதைவதற்காக உப்புப் போடப்பட்டிருந்தது தெரிந்தது. 2004இல் விசாரணை மும்பைக்கு மாற்றப்பட்டது. 2008 ஜனவரியில் 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சிந்தியுங்கள்! இத்துடன் நீதி நிறைவடைந்ததா? உண்மையை மூடியவர்களின் கணக்கு என்ன? 2017 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் விடுவித்திருந்த ஐந்து காவல் துறையினரும் இரண்டு மருத்துவர்களும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே சிறையில் கழித்த காலமும் அபராதமுமே அவர்களுக்குத் தண்டனை. குற்றத்தின் முன் அது சிறிதே. எனினும், கொலை ஒரு குற்றம், கொலையின் தடயத்தை மறைப்பது மற்றொரு குற்றம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. 2019இல் அவ்வதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஓய்வூதியப் பலன்கள் நிறுத்தப்பட்டன, ஓர் உயர் அதிகாரி பதவி இறக்கம் செய்யப்பட்டார். 50 லட்சம் ரூபாய் இழப்பீடும், வேலையும், வீடும் வழங்க குஜராத் அரசுக்கு ஆணையிடப்பட்டது. அது அரசு போட்ட தருமம் அன்று. அரசு பட்ட கடன்.

2022 ஆகஸ்ட் 15இல் அந்த 11 பேரையும் குஜராத் அரசு விடுவித்தது. 2024 ஜனவரி 8இல் அவ்விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்கள் மீண்டும் சிறை சென்றனர். ஆக, 22 ஆண்டுகள்!

சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் நீதிக்கே சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. எனவே, பாதிக்கப்பட்டவர் எச்சமயத்தவராயினும் கண்டதைச் சொல்லுங்கள். தவறிழைத்தவர் நம்மவராயினும் மறைக்காதீர்கள். புகார் கொடுத்தால், எழுதியதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்த உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம்மை நீதிக்குச் சாட்சி பகர்வோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.