செர்னோபில் விபத்தும் பொறுப்புப் பற்றிய வினாவும்

பேரழிவொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்நோக்கும் வினா, குற்றவாளி யார் என்பதாகும். நீதிமன்றம் அவ்வினாவுக்குச் சில பெயர்களை விடையாகத் தருகின்றது. வரலாற்று மாணவருக்கு அவ்விடை போதியதன்று. செர்னோபில் அணுமின் நிலைய விபத்துக்கான பொறுப்பு எவ்வாறு சுமத்தப்பட்டது, பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இங்கு நோக்குவோம்.

1986 ஏப்பிரில் 26ஆம் திகதி அதிகாலை 1.23 மணியளவில், உக்ரேனிலிருந்த அந்நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. மின்வழங்கல் தடைப்படுமிடத்து, ஓய்ந்துவரும் சுழலியின் எஞ்சிய இயக்கத்தைக் கொண்டு நீர்ப் பம்பிகளைச் சிறிது நேரம் இயக்கலாமா என்றறியும் பரிசோதனை அவ்வேளை நடைபெற்றுக்கொண்டிருந்தது. இருவர் அன்றே மாண்டனர். கடுங் கதிர்வீச்சு நோயினால் மேலும் 28 பேர் அடுத்த சில மாதங்களில் இறந்தனர். பிரிப்பியத் நகரின் ஏறத்தாழ 49,000 மக்கள் மறுநாட் பிற்பகலிலேயே வெளியேற்றப்பட்டனர். சுவீடனில் கதிர்வீச்சுக் கண்டறியப்பட்ட பின்னரே, 28ஆம் திகதி மாலை, மொஸ்கோ விபத்தை அறிவித்தது.

அவ்வாண்டு ஓகஸ்டில் சர்வதேச அணுசக்தி முகவரகம் வியன்னாவிற் கூட்டிய மாநாட்டில், வலேரி லெகாசோவ் தலைமையிலான சோவியத் குழு இயக்குநர்களின் விதிமீறல்களையே முதன்மைக் காரணமாக முன்வைத்தது. முகவரகத்தின் ஆலோசனைக் குழுவும் 1986ஆம் ஆண்டு அறிக்கையில் அதனைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. லெகாசோவ், அவ்வுலையின் விஞ்ஞான வழிகாட்டலுக்குப் பொறுப்பாயிருந்த குர்ச்சாத்தோவ் நிறுவனத்தின் பிரதிப் பணிப்பாளர்களுள் ஒருவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1987 யூலையில் அறுவர் தண்டிக்கப்பட்டனர். பணிப்பாளர் புரியுகானோவ், பிரதம பொறியியலாளர் ஃபோமின், அவரது பிரதியாளர் தியாத்லோவ் ஆகியோருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அறுவருள் உலையை வடிவமைத்தோர் எவருமிலர். அவ்விரவு கட்டுப்பாட்டறையிற் பணியாற்றிய அக்கிமோவும் தொப்துனோவும் 1986 மே மாதத்திலேயே இறந்துவிட்டனர். பழி அவர்கள்மீதும் சுமத்தப்பட்டது. மறுமொழி கூற அவர்கள் இருக்கவில்லை.

உலையின் அமைப்பை நோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலனாகின்றது. கட்டுப்பாட்டுக் கோல்களின் கீழ்ப்பகுதியிற் காரீயம் பொருத்தப்பட்டிருந்தது. பெரும்பாலான கோல்கள் மேலே இழுக்கப்பட்டிருந்த நிலையில் அவற்றை ஒருங்கே இறக்கியபோது, உலையின் அடிப்பகுதியில் வலு முதலிற் குறையாது கூடியது. உலையை நிறுத்துதற்கென அமைந்த பொத்தானே அதன் அழிவுக்குத் துணைபோயிற்று. இக்குறைபாடு 1983இல் லித்துவேனியாவின் இக்னலினா நிலையத்தில் அவதானிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது நீக்கப்படவுமில்லை. இயக்குநர்களுக்கு உரியவாறு உணர்த்தப்படவுமில்லை.

1991இல் சோவியத் ஆணைக்குழுவொன்று வடிவமைப்புக் குறைகளை வெளிக்கொணர்ந்தது. 1992இல் முகவரகத்தின் ஆலோசனைக் குழு தன் முன்னைய முடிவைத் திருத்தியது. விதிமீறல்களெனக் கூறப்பட்டவற்றுட் சில, அன்றைய விதிகளில் தடைசெய்யப்பட்டிருக்கவேயில்லை என்பதும் தெளிவாயிற்று. எனினும் இயக்குநர்கள் தவறே இழைக்கவில்லை என நாம் வாதிடவில்லை. வலு மிகத் தாழ்ந்திருந்தும், உலையுட் போதிய கோல்கள் இல்லாதிருந்தும், பரிசோதனையைத் தொடர்ந்தமை பாரதூரமான தவறாகும். ஆயின் ஒரு தவறு பேரழிவாக மாறுவதற்கான நிலைமைகளை உருவாக்கியோர் வேறெவரோ ஆவர்.

இதனைச் சோவியத் அமைப்புக்கே உரிய நோயெனக் கொள்வதும் பொருந்தாது. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் நேர்ந்த விபத்தை ஆராய்ந்த கெமனி ஆணைக்குழு, அதனையொத்த நிகழ்வொன்று 1977இல் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தில் ஏற்பட்டிருந்தும், அதன் படிப்பினை ஏனைய இயக்குநர்களைச் சென்றடையவில்லை எனச் சுட்டிக்காட்டியது. அங்கு தனியார் நிறுவனங்களும் மேற்பார்வை அமைப்பும் தவறின; இங்கு அரச இரகசியம் தடுத்தது.

எனினும் உழைப்போரின் பெயரால் ஆண்ட அரசொன்று, உலையின் முன் நின்ற உழைப்போரிடமே அதன் ஆபத்தை மறைத்தமை முற்போக்காளர் எளிதிற் கடந்துசெல்லக்கூடியதன்று. அறிவு மேலிடத்தில் தேங்கி நிற்க, பழி மட்டும் கீழிறங்கி வந்தது. எனவே, விபத்தொன்றை ஆராயுமிடத்து, பொத்தானை அழுத்தியவர் யார் என்று கேட்பதோடு, ஆபத்தை முன்னரே அறிந்திருந்தோர் யாவர், அதனை யாரிடமிருந்து மறைத்தனர் என்றும் நாம் வினவுதல் வேண்டும்.