கெனாபோயும் கற்பூரப் பேச்சும்

கெனாபோய் மொழியில் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 250 சொற்கள். மலாயாவின் நெகிரி செம்பிலானில், ஜெலெபு காடுகளில் பயிர்த்தொழிலை அதிகம் நாடாமல் திரிந்த சிறு கூட்டத்தார் பேசியது அது. மலாக்காவின் பிரிட்டிஷ் அதிகாரி டி.எஃப்.ஏ. ஹெர்வி, 1870க்கும் 1890க்கும் இடையில் இரண்டு பட்டியல்களாக அதை எழுதி வைத்தார், அச்சேற்றவில்லை. ஸ்கீட்டும் பிளாக்டனும் மலாய்த் தீபகற்பப் பழங்குடிகள் பற்றி 1906இல் வெளியிட்ட பெருநூலில் அதைச் சேர்த்தது மொழியியலுக்குச் செய்த பேருதவி.

1998இல் மொழியியலாளர் ஜான் ஹாஜெக் அந்தச் சொற்களை அலசினார். மலாய்த் தீபகற்பப் பழங்குடிகளின் ஆஸ்லியன் மொழிகள் அடங்கிய ஆஸ்திரோஆசிய மூலம் உடையவை சுமார் 28 சதவீதம். மலாயோடு உறவுடைய ஆஸ்திரோனேசியச் சொற்கள் ஏறத்தாழ 23 சதவீதம். 47 சதவீதத்துக்கு மூலமே பிடிபடவில்லை. பறவை, விலங்குப் பெயர்கள் 29இல் 15 அப்படிப்பட்டவை.

கெனாபோய் தாய்மொழியே அல்ல, காட்டுக்குள் மட்டும் பேசிய மறைபேச்சு என்பது ஒரு கருத்து. அதற்கு முன்மாதிரி ஜொகூரின் கற்பூரப் பேச்சு. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரத்தைத் தரும் மரம் ஜொகூர்க் காட்டில் உண்டு. எல்லா மரத்திலும் கற்பூரம் இராது; வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். அக்காலத்தில் அதைத் தேடிப் போன ஜாகூன் பழங்குடி மக்கள் அன்றாடப் பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டுக் கற்பூரப் பேச்சுக்கு மாறுவார்கள். கற்பூரத்தைக் காக்கும் 'பிசான்' என்னும் பெண் ஆவிக்கு அவர்கள் பேசுவது புரிந்துவிட்டால் சரக்கு கைக்கு வராது என்று நம்பினார்கள். இரவில் சில்வண்டு போன்ற ஓசை கேட்டால் பிசான் பாடுகிறாள், கற்பூரம் பக்கத்தில்தான் என்று மகிழ்வார்கள். உண்ணும் முன் ஒரு பங்கு உணவைக் காட்டுக்குள் எறிவார்கள். உப்பைப் பொடிக்காமல் கட்டியாகவே கடிப்பார்கள். பொடித்துத் தின்றால் கற்பூரமும் பொடியாகவே கிடைக்குமாம். கற்பூரப் பேச்சின் சொற்களைப் பிரிட்டிஷாரான லேக், கெல்சால் இருவரும் 1894இல் தொகுத்து வெளியிட்டனர்.

விலங்குப் பெயர்களை மறைப்பது காடுவாழ் மக்கள் பலரின் வழக்கம் என்பதால் கெனாபோய்க்கும் இந்த விளக்கம் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அதோடு கதையை முடிப்பது அவசரம். மறைபேச்சே என்றாலும் அதன் அடியில் ஒரு தாய்மொழி இருந்தாக வேண்டும்; அந்த 28 சதவீதம் அது ஆஸ்லியனாக இருந்திருக்கலாம் என்று காட்டுகிறது. இலக்கணத்தை மீட்க ஹெர்வியின் பட்டியல் போதாது. இன்று ஜெலெபுவின் தெமுவான் மக்கள் பேசுவது மலாய் இனத்து மொழி என்பதால் அவர்களிடமும் விடை தேட முடியாது. ஆகவே கெனாபோய் சில நேரம் ஆஸ்லியன் கிளையின் ஓரத்திலும், சில நேரம் எக்குடும்பத்திலும் சேராத மொழிகளின் வரிசையிலும் வைக்கப்படுகிறது.