மைக்ரோடிக் ரவுட்டர் வழு (2018)

மைக்ரோடிக் ரவுட்டர் வழு என்பது, லாத்வியா நாட்டின் ரீகா நகரிலுள்ள மைக்ரோடிக் நிறுவனத்தின் ‘ரவுட்டர்ஓஎஸ்’ இயக்குதளத்தில் 2018ஆம் ஆண்டு வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு ஆகும். இதன் பதிவெண் சிவிஇ-2018-14847. குறைபாடு தெரிய வந்ததும் 2018 ஏப்ரல் 23 அன்றே நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டுவிட்டது. ஆனால் பெரும் பாதிப்புகள் அதற்குப் பிறகுதான் நிகழ்ந்தன. இந்தியாவும் அதில் கடுமையாக அடிபட்டது.

1996இல் தொடங்கப்பட்ட மைக்ரோடிக், லினக்ஸ் கருவகத்தின் மேல் ரவுட்டர்ஓஎஸ்ஸை உருவாக்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துக் கொடுப்பது, ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கும் வேக வரம்பும் வைப்பது ஆகிய எல்லாவற்றையும் குறைந்த விலையில் ஒரே பெட்டி செய்தது. இதனால் இந்தியா, பிரேசில், இந்தோனேசியா போன்ற நாடுகளில் சிறு இணையச் சேவையாளர்கள் இதை விரும்பி வாங்கினர். அஸ்தினாபுரம், சிட்லபாக்கம், செம்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர்களில் கேபிள் டிவி நடத்துவோர் இணைய இணைப்பும் தருவது பழகிப்போன காட்சி. அத்தகைய தொழிலுக்கு ஏற்ற கருவி இது. பல இடங்களில் ரவுட்டரை அமைத்துக் கொடுப்பவர் ஒருவர், அதை நடத்துபவர் வேறொருவர். இணைப்பு அறுந்தால் ஒழிய யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வழுவின் வரலாற்றில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ரவுட்டரைக் கணினியிலிருந்து அமைக்க ‘வின்பாக்ஸ்’ என்ற மென்பொருள் பயன்படுகிறது. இது 8291 என்ற எண்ணுள்ள போர்ட் வழியாகப் பேசும். வெளியூரில் இருந்தபடியே கோளாறைச் சரிசெய்யலாம் என்பதற்காகப் பலர் இந்தப் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்தே வைத்திருந்தனர். வின்பாக்ஸ் ஒரு கோப்பைக் கேட்டால், கேட்பவர் யார் என்று பார்க்கும் முன்பே ரவுட்டர் அதைக் கொடுத்துவிட்டது. எந்தக் கோப்புறையிலிருந்து கேட்கிறார் என்பதையும் சரியாகச் சோதிக்கவில்லை. ஆகவே பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அந்நியர் எடுக்க முடிந்தது. அக்கோப்பில் கடவுச்சொற்கள் எளிதில் அவிழ்க்கக்கூடிய முறையில் மறைக்கப்பட்டிருந்தது இரண்டாவது குறை. முதல் குறையை விட இதுவே நெடுங்காலம் உறுத்தியது எனலாம்.

திருத்தம் 6.42.1, 6.40.8 ஆகிய பதிப்புகளில் வந்தது. பதிப்பை மாற்றினால் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழ வேண்டும். அந்த நேரம் எல்லா வீடுகளிலும் இணையம் நிற்கும். உடனே மாற்ற இயலாதவர்களுக்குத் தற்காலிக வழியும் இருந்தது. வின்பாக்ஸ் சேவையைக் குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் அனுமதிப்பது, அல்லது வெளியிலிருந்து 8291க்கு வரும் அழைப்புகளை ஃபயர்வாலில் தடுப்பது. வழு அப்படியே இருக்கும். ஆனால் வெளியாள் அதை எட்ட முடியாது. ஐந்து நிமிட வேலைதான்.

2018 ஜூலை இறுதியில் பிரேசிலில் பல்லாயிரம் ரவுட்டர்கள் கைப்பற்றப்பட்டது தெரிய வந்தது. அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள், ‘காயின்ஹைவ்’ நிரல் மூலம் அவர்கள் அறியாமலே ‘மொனேரோ’ என்ற மறையீட்டு நாணயத்தை யாருக்கோ ஈட்டிக் கொடுத்தன. செப்டம்பரில் சீனாவின் 360 நெட்லேப் ஆய்வகம், சுமார் 3,70,000 மைக்ரோடிக் ரவுட்டர்கள் இன்னும் திருத்தப்படாமல் இருப்பதாகக் கண்டது. அவற்றில் 20,000க்கு மேல் இந்தியாவில் இருந்தன. 7,500க்கும் மேற்பட்ட ரவுட்டர்களில் பயனர்களின் தகவல் போக்குவரத்தே வேறிடத்துக்குப் பிரதி எடுத்து அனுப்பப்பட்டது. நாணயத் திருட்டை விட இது கொடியது. வேடிக்கை ஒன்றும் உண்டு: தாக்கியவர்கள் சில ரவுட்டர்களில் வைத்த தடை விதி காயின்ஹைவ் தளத்தையும் சேர்த்தே தடுத்ததால், அவர்களது நிரல் வேலை செய்யவில்லை. அக்டோபரில் பான்பிரீச் என்ற பாதுகாப்பு நிறுவனம், இந்தியாவில் சுமார் 30,000 ரவுட்டர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரிவித்தது. திருத்தம் வெளியாகி அப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது.

அதே மாதத்தில் ரஷ்ய மொழி பேசும் சர்வர் நிர்வாகி ஒருவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களுக்குள் அனுமதியின்றி நுழைந்து, வெளியிலிருந்து வரும் அணுகலை அடைத்துவிட்டதாக அறிவித்தார். தொடர்பு முகவரியையும் விட்டுச் சென்றார். தொடர்பு கொண்டவர்கள் ஐம்பது பேர் அளவிலேயே. நன்றி சொன்னவர்களை விடக் கோபப்பட்டவர்களே அதிகம். செய்தது சட்டப்படி குற்றம்தான், ஆனால் உரிமையாளர்கள் செய்யாத வேலையை அவர் செய்தார் என்பதையும் மறுக்க இயலாது.

2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டது. வழு அதோடு முடியவில்லை. 2021 செப்டம்பரில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தின் மீது வினாடிக்கு 2 கோடியே 18 லட்சம் கோரிக்கைகள் பாய்ந்தன. தாக்கிய ரவுட்டர் படைக்கு ‘மேரிஸ்’ என்று பெயரிட்டனர். லாத்விய மொழியில் கொள்ளைநோய் என்று பொருள். 2018இல் கைப்பற்றப்பட்ட அதே ரவுட்டர்களே இவை என்று மைக்ரோடிக் விளக்கியது. இயக்குதளத்தைப் புதுப்பித்தாலும், முன்பே திருடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் பயனில்லை என்பதை அது மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதுடன், தாக்கியவர்கள் விட்டுச்சென்ற நேரக்கட்டளை நிரல்களையும், ‘சாக்ஸ்’ பிராக்சி அமைப்பையும், தெரியாத ஃபயர்வால் விதிகளையும் தேடி நீக்கும்படி நிறுவனம் அறிவுறுத்தியது.