சுஷிமாவும் அச்சிறுபாக்கமும்

அண்மையில் அச்சரப்பாக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த கல்லூரி மாணவன் ஒரு திரைப்படத்திற்காகக் காத்திருப்பதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். 2020 ஜூலையில் வெளிவந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்னும் வீடியோ விளையாட்டைப் படமாக்கப் போவதாக 2021 மார்ச்சில் அறிவித்தார்கள். இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி. "சித்தப்பா, அது முழுக்க நிஜ வரலாறு" என்றான் அவன். அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நிஜம் எவ்வளவு? கி.பி. 1274 நவம்பரில் குப்லாய் கானின் கடற்படை கொரியாவிலிருந்து புறப்பட்டு முதலில் தாக்கியது சுஷிமா தீவைத்தான். தீவின் காவலர் சோ சுகேகுனி ஏறத்தாழ 80 குதிரை வீரர்களுடன் கொமோடா கடற்கரையில் எதிர்த்து நின்று மாண்டார். தீவு வீழ்ந்தது. விளையாட்டின் நாயகனான ஜின் சகாயோ கற்பனைப் பாத்திரம். அவன் தீவை மீட்கிறான். அக்காலச் சாமுராய்களின் முதன்மைப் போர்முறை குதிரைமேல் அமர்ந்து அம்பெய்வது. விளையாட்டிலோ வாளே தலைமை ஏற்கிறது. நாயகன் புனையும் ஹைக்கூவும் 17ஆம் நூற்றாண்டில்தான் தனி வடிவமாக வளர்ந்தது.

இவற்றை அவனிடம் சொன்னபோது முகம் வாடினான். அவனைத் தேற்றுவதற்காக அன்று, உண்மையாகவே நம்மைத் தொடும் ஒரு செய்தியைச் சொன்னேன்.

குப்லாய் கான் ஜப்பான்மீது இரண்டாம் முறை படையெடுத்தது 1281இல். ஆகஸ்டு மாதப் புயலில் அந்தப் பெரும்படை சிதைந்தது. அதே 1281ஆம் ஆண்டின் சித்திரை மாதத்தில், சீனத் துறைமுகமான சுவான்சௌவில் ஒரு சிவாலயம் எழுந்தது. அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது. கானின் ஆணை பெற்று, அவர் நலம் வேண்டி இறைவனை எழுந்தருளச் செய்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். ஜப்பான் எந்தப் பேரரசருக்கு அஞ்சி நடுங்கியதோ, அவருடைய நலத்துக்காகவே ஒரு தமிழர் கடல் கடந்து கோயில் எடுத்திருக்கிறார்! அவர் தாங்கிய பெயருக்குரிய ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலங்களுள் ஒன்று இந்த அச்சிறுபாக்கம். இதைக் கேட்டதும் அவன் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

அப்படியானால் விளையாட்டுகள் வரலாற்றைக் கெடுக்கின்றனவா? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவன் சொன்ன மறுமொழி என்னை அசைத்தது. 2020 செப்டம்பர்ப் புயலில் சுஷிமாவின் வதாட்சுமி ஆலயத்துத் தோரண வாயில் ஒன்று சரிந்து விழுந்தது. அதைச் சீரமைக்க 50 லட்சம் யென் வேண்டி நிதி திரட்டினார்கள். சேர்ந்ததோ 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். அள்ளிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்த விளையாட்டை ஆடியவர்கள். பலர் அத்தீவை ஒருமுறைகூடக் கண்டிராதவர்கள்.

நம் ஊருக்கும் ஒரு கதை உண்டு. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் இங்கே அச்சு முறிந்து நின்றது என்பார்கள். அச்சு இற்ற பாக்கமே அச்சிறுபாக்கம். அக்கதையை வரலாறு என்று யாரும் வாதிடுவதில்லை. ஆனால் ஆட்சீசுவரர் கோயிலை நாடி ஆட்களை வரவழைத்துக் கொண்டிருப்பதில் அதற்கும் பங்குண்டு. கதை ஒரு வாயில். வாயிலோடு நின்றுவிடுபவர் இழப்பது உள்ளே இருக்கும் கருவறையை.

இங்கிருந்து மாமல்லபுரம் வெகுதூரமில்லை. அதற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலை வெளிக்காட்டிய கல்வெட்டுகளைப் பின்தொடர்ந்து சென்ற தொல்லியல் துறையினர், மணலுக்குள் புதைந்திருந்த பழைய செங்கல் முருகன் கோயிலைக் கண்டெடுத்தனர். அங்கே போயிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். சுஷிமாவின் ஒவ்வொரு குன்றையும் அறிந்தவன் அவன்.

படம் வரட்டும், நானும் அவனோடு சென்று பார்ப்பேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாளுவன்குப்பம் போவதாக முடிவு செய்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பான். அவனைக் கடிந்துகொள்ளாமல், அவன் ஆடும் கதையிலிருந்தே பேச்சைத் தொடங்கிப் பாருங்களேன்.