கைவேலையும் மனநலமும்: காங்கே காட்டும் வரலாறு

மனம் போல வாழ்வு என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. அம்மனம் நலிவுறுங்கால் அதனைத் தேற்றும் வழி யாது என்று உலகம் தேடிய வரலாறு சுவையும் பயனும் ஒருங்கே உடையது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நாம் குடியேறி வாழும் இந்த ராஞ்சி நகரை அடுத்தே நிகழ்ந்தது என்பதை நம் காலனிக் குடும்பத்தார் பலர் அறியார். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றவுடன் எழும் அதே நகைப்பு, இங்கே காங்கே என்றாலும் எழுகின்றது. ராஞ்சிக்கு மாற்றல் என்று சொன்னபோது ஊரிலுள்ள உறவினரின் கேலிக்கு ஆளாகாதவர் நம்முள் எவர்? அந்நகைப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, காங்கே கற்பிக்கும் பாடத்தை ஈண்டுச் சற்று நோக்குவோம்.

மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்து அடைத்து வைத்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரின் பித்தர் விடுதியில் 1790-ஆம் ஆண்டில் ஹன்னா மில்ஸ் என்னும் பெண்மணி இறந்தார். அவர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். அவரைக் காணச் சென்ற அப்பிரிவினருக்கு விடுதியார் அனுமதி மறுத்திருந்தனர். இது கண்டு வருந்தியவருள் ஒருவர் தேயிலை வணிகரான வில்லியம் டூக். அவரது முயற்சியால் 1796-இல் ‘ரிட்ரீட்’ என்னும் புதிய இல்லம் அந்நகரில் எழுந்தது. அங்கே நோயாளிகள் தோட்ட வேலை செய்தனர், உலாவச் சென்றனர், தையலில் ஈடுபட்டனர். முற்றத்தில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் வளர்க்கப்பட்டன. இம்முறையை டூக்கின் பேரர் சாமுவேல் 1813-இல் ஒரு நூலாக எழுதி வெளியிட, அது பிற நாடுகளுக்கும் பரவலாயிற்று.

நம் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பித்தர் விடுதிகளில் நெசவு, எண்ணெய் ஆட்டுதல், தோட்ட வேலை முதலியன நடைபெற்றன. ஆயினும் ஆண்டறிக்கைகளில் நோயாளிகளின் உழைப்பால் வந்த வரவும் ஒரு கணக்காக இடம் பெற்றது. வேலை மருந்தா, வருமானமா என்ற மயக்கம் அங்கே இருந்தது. கணக்கெழுதும் தொழிலினராகிய நமக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். ஒருவன் செய்யும் வேலையின் பயன் எந்தப் பத்தியில் எழுதப்படுகின்றது என்பதே கேள்வி. அவன் மனத்தின் பெயரில் வரவு வைக்கப்படுமாயின் அது மருந்து. விடுதியின் பெயரில் மட்டும் வைக்கப்படுமாயின் அது வெறும் ஊழியம்.

இந்நிலையில் 1918-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் காங்கேயில் ஐரோப்பியருக்கான மனநோய் விடுதி திறக்கப்பட்டது. இந்தியருக்கு அதன் கதவு அன்று திறக்கவில்லை; அவர்களுக்கென வேறொரு மருத்துவமனை அருகிலேயே 1925-இல் அமைந்தது. ஐரோப்பியர் விடுதிக்கு 1919-இல் தலைவராக வந்தவர் ஓவன் பெர்க்லி-ஹில் என்னும் மருத்துவர். அவர் காலத்தில் 1922-இல் கைத்தொழில் வாயிலாக நோயாளியைத் தேற்றும் தனிப் பகுதி அங்கே தொடங்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகை முயற்சிகளுள் முந்தியவற்றுள் இது ஒன்று. விடுதி என்னும் பெயரும் அவ்வாண்டில் மருத்துவமனை என்று மாறியது. பெயர் மாற்றம் சிறிதெனினும் கருத்து மாற்றம் பெரிது. அடைத்து வைக்கும் இடம் குணப்படுத்தும் இடமாகக் கருதப்படலாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் இந்தியர் யாவருக்கும் அதன் கதவு திறந்தது. இன்று அது மத்திய மனநோய் மருத்துவ நிலையமாக விளங்குகின்றது.

உடலுழைப்பின் பயனை எண்ணிக்கையால் அளந்து காட்டியவர் லண்டன் மருத்துவர் ஜெரி மாரிஸ். அந்நகரின் மாடி பஸ்களில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் டிரைவர்களையும், படியேறி இறங்கும் கண்டக்டர்களையும் அவர் ஒப்பிட்டார். கண்டக்டர்களிடையே மாரடைப்பு குறைவு என்பது 1953-இல் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவு. நடந்து திரியும் தபால்காரருக்கும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது. நம் போன்ற எழுத்தர்கள் ஊன்றிக் கருதத்தக்க செய்தி இது.

இதயத்திற்கு நலம் பயப்பது மனத்திற்கும் பயக்குமோ எனின், அதற்கும் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் மனச்சோர்வு நோயுற்ற, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் மாத்திரை உண்டனர். மற்றொரு பிரிவினர் இரண்டையும் மேற்கொண்டனர். 16 வாரங்கள் கழிந்தபின் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். இது 1999-இல் வெளியான முடிவு. அடுத்து, 16 நாடுகளைச் சேர்ந்த 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,000-க்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சி 2023-இல் வெளியாயிற்று. விருப்பமான பொழுதுபோக்கு உடையவரிடம் மனச்சோர்வு குறைந்தும் மகிழ்ச்சி மிகுந்தும் இருந்தன என்று அது கூறிற்று. மகிழ்ச்சியுடையோரே பொழுதுபோக்கை நாடினர் போலும் என ஐயுறுவார்க்கும் இடமுண்டு. ஆயினும் இரண்டும் கைகோத்துச் செல்வன என்பதில் ஐயமில்லை.

இனி நம் காலனியை நோக்குவோம். முப்பதாண்டுகள் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு 60-ஆம் வயதில் மூடப்படுகின்றது. மறுநாட் காலை முதல் செய்வதற்கு ஒன்றுமின்றிச் சாய்வு நாற்காலியில் சோர்ந்து கிடக்கும் பெரியவர்களை நாம் காண்கின்றோம். அண்டை வீட்டார் மொழி அறியாமல் நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கும் சகோதரிமாரும் நம்மிடையே உளர். பரீட்சை நெருங்கிவிட்டது என்று நாம் பந்தையும் மட்டையையும் பூட்டி வைக்க, முகம் வாடி நிற்கும் பிள்ளைகளும் உளர். வீண்வேலை என்று நாம் ஒதுக்கும் கோலமும், பூந்தொட்டியும், வீணையும், தபால்தலைச் சேகரிப்பும், மாலைநேரப் பூப்பந்தும் இவர்களுக்கு உற்ற துணையாகும். வாரத்திற்கு 150 நிமிடமாவது உடல் இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. நாளொன்றுக்கு அரை மணிக்கும் குறைவான இந்நேரம் எவருக்கும் அரிதன்று.

ஒன்றை மறத்தலாகாது. முற்றிய நோய்க்குப் பொழுதுபோக்கு மட்டும் மருந்தாகாது. அதற்கு மருத்துவரையே நாடவேண்டும். வெளியே சொல்ல நாணுவோர்க்கென மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி எண் 14416 உள்ளது; தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்ல நாம் நாணுவதில்லை. காங்கே செல்வதற்கு மட்டும் நாணுவானேன்?

நம் சங்கம் நடத்தும் நாடகமும், கோலப் போட்டியும், நூலகமும், விளையாட்டு விழாவும் ஆண்டுக்கொரு நாளைய ஆரவாரமாக நின்றுவிடாமல், வாரந்தோறும் நம் குடும்பங்களை ஒன்றுகூட்டும் வழக்கமாகட்டும். சோர்ந்திருக்கும் அண்டை வீட்டாரை, வாருங்கள், சற்று உலாவி வருவோம் என்று கைப்பிடித்து அழைப்பதும் தமிழ்த் தொண்டே ஆகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!